வழியில் இறக்கிய இரண்டு சிலிண்டர்

இதைப் படித்துவிட்டு, "அன்னைக்கு எத்தனை ரவுண்டு போட்டீங்க?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. தூக்கக் கலக்கமும் இல்லை. மணி எட்டுகூட ஆகவில்லை. வண்டியில் நான் தனியாகவும் இல்லை. போகிற வழியில் நேரம் குறித்து வைப்பது என் பழைய லாரிப் பழக்கம். அந்த டிரிப் ஷீட் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. வந்து பார்ப்பவர்கள் பார்க்கலாம்.

நான் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். பதினொரு வருடம் லாரி ஓட்டிவிட்டு இந்தக் கம்பெனிக்கு வந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. என்னோடு லோடு இறக்க வருபவருக்கு ஐம்பது வயது. ரேடியோ அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வண்டியில் ஏறினால் இறங்குகிறவரை வாய் ஓயாது. மருமகன் கதை, பக்கத்து வீட்டு நாயின் கதை, மருமகனும் அந்த நாயும் மாடிப்படியில் எதிரெதிரே நின்ற கதை. ஆஃப் பண்ணப் பட்டன் கிடையாது. ஆனால் அறுபது கிலோ சிலிண்டரைக் குழந்தையைப் போல் சாய்த்து உருட்டுவார்.

அன்று இருபது பெரிய சிலிண்டர்கள். எல்லாம் நிறைந்தவை. கடலோரமாகவே நூற்று நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். அங்குள்ள ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் இரவு ஒன்பது மணிவரைதான் தாங்கும் என்று மூன்று தடவை போன் வந்துவிட்டது. எங்கள் மேனேஜர் கேட்வரை வந்து, ஒன்பதுக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பாதி வழியில் ஒரு சின்ன நகரம் இருக்கிறது. வழக்கமாக அதற்குள் போக மாட்டோம். வெளியே பைபாஸ் உண்டு. அன்று பைபாஸ் பாலத்தில் வேலை நடக்கிறது என்று தடுப்புப் போட்டிருந்தார்கள். டிரிப் ஷீட்டில் 6.41 என்று எழுதியிருக்கிறேன். பழைய நெடுஞ்சாலை ஊருக்குள்ளே போகிறது. அதில் திருப்பினேன். அந்த ஊருக்குள் நான் போவது அதுதான் முதல் தடவை.

6.52. ஊர் ஆரம்பித்தது. நெடுஞ்சாலைதான் அங்கே கடைத்தெரு. வலை விற்கும் கடை, படகு இன்ஜின் பழுது பார்க்கும் கடை, துணிக்கடை, இரண்டு மாடி லாட்ஜ். கட்டடங்களின் இடைவெளியில் இடது பக்கம் கடல் கறுப்பாகத் தெரிந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை.

கரண்ட் போனால் என்ன ஆகும்? புழுக்கம் தாங்காமல் ஜனங்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். அங்கே ஒருவரும் இல்லை. கடைகள் பூட்டியும் இல்லை. ஷட்டர்கள் பாதி இறங்கி நின்றன. ஒரு சலூனில் வண்டியின் வெளிச்சம் பட்டது. சுழல் நாற்காலி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் ஆள் இல்லை.

ரேடியோ அண்ணன் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நாய்க் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

எதிரே ஒரு வண்டியும் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெடுஞ்சாலையில், அந்த நேரத்தில். கடல்காற்று கண்ணாடியில் மோதிக்கொண்டே இருந்தது. ஆனால் கடை வாசல்களில் கட்டியிருந்த தார்ப்பாய்களில் ஒன்றுகூட அசையவில்லை.

7.04. நான்கு முனைச் சந்திப்பு. சிக்னல் சிவப்பில் நின்றது.

ஊருக்கே கரண்ட் இல்லை... சிக்னல் மட்டும் எரிந்தது.

கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. குறுக்கே யாரும் போகவில்லை. காத்திருந்தோம். 7.06. 7.08. சிவப்பு மாறவில்லை. ரேடியோ அண்ணன் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். ஏழு மாதத்தில் அவர் அப்படி நிறுத்தி நான் கேட்டதில்லை.

டொக்.

வண்டியின் பின்பக்கம்.

டொக்... டொக்...

சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றன என்று நினைத்தேன். ஆனால் நிற்கிற வண்டியில் எப்படி இடிக்கும்? டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின்கதவைத் திறந்து பார்த்தேன். சங்கிலி இறுக்கமாகத்தான் இருந்தது. இருபதும் நிமிர்ந்து நின்றன. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

டிரைவர் பக்கக் கதவருகே ஒரு சிஸ்டர் நின்றிருந்தார். வெள்ளை யூனிஃபார்ம். முப்பது வயது இருக்கும். நெடுந்தூரம் ஓடிவந்தவரைப் போல ஒரு கையால் விலாவைப் பிடித்திருந்தார்.

"ஆக்ஸிஜன்... தானே?"

ஆமாம் என்றேன். ஆனால் இது வேறு ஆஸ்பத்திரியின் லோடு, இடையில் இறக்க முடியாது என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"ரெண்டு... குடுத்தா போதும். எட்டு பேரு... இருக்காங்க அண்ணா."

மேனேஜருக்குப் போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். "சார்" என்றேன். பதில் இல்லை. ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

களுக்... களுக்... களுக்...

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியும். ஆக்ஸிஜன் ஓடும்போது தண்ணீர்ப் புட்டியில் குமிழிகள் எழும் சத்தம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாகி நின்றது. போனும் கட்டானது.

ரேடியோ அண்ணன் ஜன்னல் வழியாக என் சட்டையைப் பிடித்தார். "வேணாம்பா. போயிடலாம்."

எனக்கு ஒரு தங்கை. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மூச்சு கிடைக்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும் கோலம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அவளுக்கு ஒன்றென்றால் எந்த டிரைவராவது நிறுத்த மாட்டானா? பதினெட்டு சிலிண்டர் இருந்தால் அந்த ஆஸ்பத்திரியும் விடியும்வரை சமாளித்துவிடும். திட்டு விழுந்தால் எனக்கு விழட்டும்.

"எங்க சிஸ்டர் இறக்கணும்?" என்று கேட்டேன்.

சிக்னல் பச்சைக்கு மாறியது.

அவர் முன்னால் நடந்தார். நான் வண்டியில் பின்தொடர்ந்தேன். சாதாரண நடைதான், அவசரமே இல்லை. ஆனால் எங்களால் அவரை நெருங்க முடியவில்லை. தற்செயலாக ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன்.

முப்பது.

பார்த்ததை ரேடியோ அண்ணனிடம் சொல்லவில்லை. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலைப் பார்த்த மூன்று மாடி ஆஸ்பத்திரி. ஊரிலேயே அங்கே மட்டும்தான் விளக்கு. பின்பக்க கேட் திறந்திருந்தது. 7.19. இரண்டு சிலிண்டர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சரிவுப் பாதையில் தள்ளினோம். நீளமான நடை. சுவரோரமாக ஸ்ட்ரெச்சர்கள். மருந்து வாசனை இல்லை. பினாயில் வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை.

கடைசி அறைதான் வார்டு. சிஸ்டர் கதவருகே ஒதுங்கி நின்று கையைக் காட்டினார்.

எட்டுக் கட்டில்கள். எட்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் குனிந்து, கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு. என் தங்கை உட்காருவாளே, அதேபோல. எல்லோருடைய கண்ணும் சிலிண்டரின் மேல் இருந்தது. எங்களை ஒருவரும் பார்க்கவில்லை.

மூச்சுத் திணறுகிறவர்கள் இருக்கும் வார்டுகளுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே இரைச்சலாக இருக்கும். இழுப்பு, இருமல், விசில் சத்தம்.

இங்கே ஒரு சத்தமும் இல்லை.

ஒருவருடைய மார்பும் ஏறி இறங்கவில்லை.

கதவோரம் குழாயோடு கிடந்த ரெகுலேட்டரை முதல் சிலிண்டரில் மாட்டினேன். சாவியைத் திருப்பினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

களுக்... களுக்...

அப்போதுதான் அது கேட்டது.

ஒரு மூச்சு.

எட்டு பேரும் சேர்ந்து இழுத்த... ஒரே மூச்சு.

அது நிற்கவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

ஜன்னல் திரைகள் அறையின் உள்பக்கமாக இழுபட்டன.

என் சட்டையும்.

ஓடினோம்.

தள்ளுவண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினோம். வேனை ஸ்டார்ட் செய்யும்போது மணி 7.31. கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை. ஊர் எல்லையைத் தாண்டிய அந்த வினாடியில் சட்டென்று எல்லாம் வந்துவிட்டது. தெருவிளக்கு, எதிரே லாரி, ஹாரன், சாலையோரத்தில் சைக்கிளில் சிரித்துக்கொண்டு போன இரண்டு பெண்கள்.

8.47க்குப் போய்ச் சேர்ந்தோம். பதினெட்டைத்தான் இறக்கினேன். அங்கிருந்த ஸ்டோர்காரர் எரிந்து விழுந்தாலும், காலைவரை அது போதுமானதாக இருந்தது. ரேடியோ அண்ணன் திரும்பி வரும்போது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அடுத்த மூன்று நாள் வேலைக்கும் வரவில்லை. இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

மறுநாள் காலை மேனேஜரிடம் சொன்னேன். அந்த ஊரின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. தனக்கு அப்படி ஒரு போனே வரவில்லை என்றார். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு, "நீயும் வா" என்றார்.

11.10க்கு அங்கே இருந்தோம். கடைத்தெரு ஜேஜே என்று இருந்தது. சந்திப்பில் சிக்னல் கம்பம் இருந்தது. விளக்குகளை எப்போதோ கழற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் கேட்டில் சங்கிலியும் பூட்டும். நான்கு வருடமாக மூடிக் கிடக்கிறது, முன்கேட்டையும் பின்கேட்டையும் யாரும் திறக்கவில்லை என்று வாட்ச்மேன் சத்தியம் செய்தார். துருப்பிடித்த பூட்டைத் திறக்க அவருக்கே கால் மணி நேரம் ஆனது.

நடையெல்லாம் தூசி, விரல் கனத்துக்கு. அதில் தள்ளுவண்டிச் சக்கரத்தின் தடம் தெளிவாக இருந்தது. பக்கத்தில் இரண்டு ஜோடிச் செருப்புத் தடங்கள். என்னுடையதும் ரேடியோ அண்ணனுடையதும். மூன்றாவது ஜோடி இல்லை.

வார்டில் கட்டில்களே இல்லை. வெறும் அறை. நடுவில் எங்கள் இரண்டு சிலிண்டர்களும் தள்ளுவண்டியும் மட்டும் நின்றன.

நான் திறந்தது முதல் சிலிண்டரை மட்டும். ஆனால் ரெகுலேட்டர் இரண்டாவதில் மாட்டியிருந்தது. முதலாவதை மூடி, வாஷரை ஒழுங்காகப் பொருத்தி, தொழில் தெரிந்தவர்கள் மாற்றுவதுபோல் மாற்றியிருந்தார்கள். இரண்டும் காலி. குழாயின் முனையில் ஒரு மாஸ்க். பிளாஸ்டிக் மஞ்சளாகி, ஓடுபோல இறுகிக் கிடந்தது. வாட்ச்மேன் அதைக் கையில் எடுத்து, உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரலை எங்களிடம் காட்டினார்.

ஈரமாக இருந்தது.

மேனேஜர் வெளியே போய்ச் சரிவுப் பாதையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நான்கு வருடத்துக்கு முன்னால் கம்பெனியில் டிரைவராக இருந்தது அவர்தானாம். அப்போது பைபாஸ் கிடையாது. ஒருநாள் சாயங்காலம் இந்த வழியாகத்தான் லோடு கொண்டுபோயிருக்கிறார். சந்திப்பில் ஒரு சிஸ்டர் ஓடிவந்து வண்டியைத் தட்டியிருக்கிறார். வேறு ஆஸ்பத்திரியின் லோடு என்று சொல்லிவிட்டு இவர் கிளம்பிவிட்டார். அன்று ஒன்பது மணிக்குள் எட்டு பேரும் போய்விட்டார்கள். அத்தோடு மூடிய ஆஸ்பத்திரிதான்.

"அந்த சிஸ்டர் என்ன ஆனாங்க சார்?"

தரையைப் பார்த்தபடி சொன்னார். "பின்னாடியே ஓடி வந்தா. கண்ணாடில பாத்துக்கிட்டேதான் போனேன். ஒரு பஸ் குறுக்க வந்துச்சு. அப்புறம்... அவ தெரியல."

பத்து நாள் கழித்து மேனேஜர் யாரிடமும் சொல்லாமல் நிறைந்த சிலிண்டர்கள் இரண்டை வேனில் ஏற்றிக்கொண்டு தனியாக அங்கே போயிருக்கிறார். வாட்ச்மேன்தான் எனக்குப் போன் செய்து சொன்னார். சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த அறையில் வைத்து, இரண்டிலும் ரெகுலேட்டரை மாட்டி, வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டாராம். கைகூப்பிக்கொண்டு இருந்தாராம். பத்து மணிக்கு வாட்ச்மேன் போய்ப் பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தாராம்.

வால்வு திறந்துதான் இருந்தது. மூன்று மணி நேரம்.

மறுநாள் காலையில் அந்த இரண்டையும் வேனிலிருந்து இறக்கியவன் நான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டரை மாட்டி நானே பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.

முள் இம்மிகூட இறங்கியிருக்கவில்லை.