இடப்பக்கம் பார்த்தவர்

எழுபதுகளில் தூத்துக்குடியின் பழைய பெரிய தியேட்டருக்குச் அகலத்திரை சினிமாஸ்கோப் படம் வந்தால் அண்ணாச்சி ஒருவர் தவறாமல் வந்துவிடுவார். கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை. உப்புக்காற்றில் செம்பட்டையான மீசை, கழுத்தில் ஜெபமாலை. முன்வரிசையின் இடக்கோடியில் அவர் உட்காருவார், வலக்கோடியில் அதே தோணியில் வேலை பார்க்கும் அவருடைய கூட்டாளி. படம் விட்டதும் வாசலில் நின்று ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொள்வார்கள்.

ஒருநாள் தனியாக வந்தார். வலப்பக்கம் குதிரைகள் பாய்ந்தபோது தியேட்டரே விசிலடித்தது. அவர் தலை இடப்பக்கத்தை விட்டு அசையவில்லை.

பின்வரிசையில் இருந்த நான் வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணாச்சி, அந்தப் பக்கமும் பாக்கலாம்லா?"

"தோணில காவலுக்கு நிக்கையில இடப்பக்கம் நான் பாக்கணும், வலப்பக்கம் அவன். அவன் பக்கத்த நான் எட்டிப்பாத்தா, அவன நம்பலன்னு ஆயிரும்லா? இன்னைக்குக் காய்ச்சல்ல கெடக்கான். நாளைக்கு வந்து பாத்துக்கிடுவான்."

"நாளைக்குப் படம் மாறுதே!"

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப வலப்பக்கத்த நீங்கதான் சொல்லணும், தம்பி."

"குதிரை ஓடிச்சு" என்றேன்.

"எத்தன?"

"எண்ணலியே, அண்ணாச்சி."

"சரி, என் பக்கத்துல ஒரு கழுத நின்னுச்சே. ஒத்தக் காது மடங்கியிருந்துச்சு, பாத்தியளா?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்த படத்தில் கழுதையே இல்லை.