முழங்காலைக் கண்காட்சிக்கு வைத்தவன்

அறுவைச் சிகிச்சை முடிந்த பன்னிரண்டாம் நாள் காலை, என் வலது முழங்கால் ஈரப்பலாக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. காய்ச்சலும் நடுக்கமும் வேறு.

கல்யாணம் முடித்தவர்களுக்கும் முடிக்காதவர்களுக்கும் நடந்த பந்தாட்டத்தில் நார் அறுந்த கால் அது. எதிரணியினர் யாரும் என்னைத் தொடவில்லை, பந்தும் தொடவில்லை. நானே திரும்பினேன், நானே விழுந்தேன். அறுந்த முன் குறுக்குப் பிணைநாருக்குப் (மூட்டு நழுவாமல் பிடித்திருக்கும் நார்) பதிலாகத் தொடையிலிருந்து ஒரு நாரை எடுத்துப் பொருத்தினார்கள்.

காத்தான்குடியில் ஒருவர் சுகமில்லாமல் கிடந்தால் ஊரே பார்க்க வரும். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனமில்லை. கட்டை அவிழ்த்துத் தையலைக் காட்டினேன். மஸ்கட் இனிப்பைத் தின்ற விரலால் ஒரு மாமா தையலைத் தொட்டு எண்ணியும் பார்த்தார்.

“பள்ளிவாசல் மைக்கில சொல்லி உடுங்க, எல்லாரும் ஒண்டா வந்து பாத்துட்டுப் போகட்டும்” என்றாள் மனைவி ஜெஸீமா.

வீங்கிய அன்றே ஆஸ்பத்திரியில் ஊசியால் மூட்டு நீரை எடுத்தார்கள். தெளிவாக வரவேண்டியது மோர்போல் கலங்கி வந்தது. மூட்டுக்குள் கிருமித்தொற்று.

“கழுவிப் பாப்பம். அடங்காட்டி வச்ச நாரை எடுக்க வேண்டி வரும்” என்றார் டாக்டர்.

மாமாவின் விரல்தான் காரணமா என்று கேட்டேன்.

“எதால வந்ததெண்டு உறுதியாச் சொல்லேலாது. ஆனா கட்டை அவிழ்க்கச் சொல்லி நாங்க சொல்லல்ல.”

எனக்குப் பகிடி வராமல் போன நாள் அது.

சிறு துளை வழியே உப்புநீர் விட்டு இரண்டு முறை மூட்டைக் கழுவினார்கள். நான்கு கிழமை, இருபத்தெட்டு நாளும், நரம்பூசியில் மருந்து ஏறியது. பார்க்க வந்தவர்களிடமிருந்து காலைப் போர்வையால் மூடி, “முகத்தப் பாருங்க, அது போதும்” என்று காவல் இருந்தாள் ஜெஸீமா. முகத்தில் பார்க்க ஒன்றுமில்லாததால் கூட்டம் குறைந்தது.

அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எண் மெல்ல இறங்கியது. ஒருநாள் டாக்டர் காலைப் பிடித்து முன்னே இழுத்துப் பார்த்துவிட்டு, “நார் நிக்கிது” என்றார். ஜெஸீமா அழுதாள், பிறகு என்னைக் கிள்ளினாள்.

உங்கள் மூட்டும் இப்படிச் சுட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்றிருக்காதீர்கள். அன்றே போங்கள். கட்டையும் அவிழ்க்காதீர்கள்.

அதன்பிறகு என் நாட்களைக் கிழமையால் எண்ணவில்லை. முப்பது பாகை மடங்கிய மாதம், தொண்ணூறு மடங்கிய மாதம் என்றுதான் கணக்கு. பள்ளியில் கடைசி வரிசைக் கதிரையில் உட்கார்ந்தே தொழுதேன்.

எட்டாம் மாதம், ஒரு நண்பகல் லுஹர் தொழுகையில் கதிரையைத் தள்ளி வைத்தேன். முழங்கால் மடங்கியது, பக்கத்தில் நின்றவருக்கும் கேட்குமளவுக்குச் சடக்கென்றது. நெற்றி தரையைத் தொட்டது. வெகுநேரம் அப்படியே கிடந்தேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள். பாதி சரி. மீதிப் பாதி, எப்படி எழும்புவது என்ற யோசனை.

எழும்பும் அவசரம் மட்டும் வரவே இல்லை.