வென்ட்வேர்த்வில்லில் கட்டிய வள்ளம்

மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய ஆங்கில நாவல் படிக்கிறாள். ஊர் ஊராகப் போய்ப் பண்ணைகளில் கூலிவேலை செய்துகொண்டே, சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கக் கனவு காண்கிறவர்களின் கதை. போன கிழமை கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "அப்பா, அவையின்ர ட்ரீம் நடக்கவே நடக்காது. தட்ஸ் த பொயின்ற். எல்லாரும் லோன்லி" என்றாள். என்னையே திட்டியதுபோல எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு செவன் ஹில்ஸில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் வேலை. ஊரில் வங்கிக் கதிரையில் இருந்து பழகிய உடம்பு. முதல் மாதம் நான் மெத்தையைத் தூக்கினேனா, மெத்தை என்னைத் தூக்கியதா என்று இன்னும் சந்தேகம். வென்ட்வேர்த்வில்லில் ஒரு பழைய வாடகை வீட்டில் ஆறு ஆண்கள் இருந்தோம். ஆளுக்கொரு ஷிப்ட், ஆளுக்கொரு சட்டி. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துத்தான் யார் வீட்டில் நிற்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

அவர்களில் ஒருவர் ஜேசுதாசன் அண்ணை. மன்னாரில் கடற்றொழில் செய்தவர், இங்கே என்னோடு மெத்தை தூக்கினார். மனைவியும் ஏழு வயது மகளும் ஊரில். தற்காலிக விசாவில் அவர்களைக் கூப்பிட வழியில்லை. ஒரு சனிக்கிழமை, தொழிற்சாலையில் எறியவிருந்த பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து பின்வளவில் அடுக்கினார். வளவு முழுக்கப் பைன் மர வாசம்.

"என்னண்ணை, அடுப்பெரிக்கவோ?"

"வள்ளம் கட்டப்போறன். பிள்ளை வந்தா ஏத்த வேணும்."

"கடல் எங்க, நாங்கள் எங்க?"

"கடல் அங்கதான் நிக்கும். நாங்கள் போவம்."

முதலில் சிரித்தோம். பிறகு ஒருவர் வாள் வாங்கிவந்தார், ஒருவர் பலகை இழைத்தார். நான் பக்கத்தில் நின்று அபிப்பிராயம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு சட்டியும் ஒன்றாகின. மீன்குழம்புக்கு எவ்வளவு புளி என்று குசினியில் சண்டை பிடித்தோம். சண்டை பிடிக்க ஆள் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டைப் பார்வையிட வந்த ஏஜென்ட் பெண் வள்ளத்தைக் கண்டு திகைத்துப்போனாள். "கட்டில் எண்டு சொல்லு" என்றார் அண்ணை. சொன்னேன். அவள் நம்பவில்லை. இரண்டு கிழமைக்குள் அகற்றச் சொல்லிவிட்டுப் போனாள்.

"அப்ப ரெண்டு கிழமையில முடிப்பம்" என்றார் அண்ணை.

முடித்தோம். பதின்மூன்றாம் நாள் ட்ரெய்லரில் ஏற்றிப்போய் ஜோர்ஜஸ் ஆற்றில் இறக்கினோம். மிதந்தது! நான் அடித்த ஒரேயொரு ஆணியடியில் மட்டும் தண்ணீர் கசிந்தது. மாறி மாறி ஏறினோம், ஆனால் முன்பலகையில் அண்ணை ஒருவரையும் இருக்கவிடவில்லை. வீடியோவில் ஊரில் இருந்த தன் மகளுக்கு வள்ளத்தைக் காட்டினார்.

"அப்பா, நான் எதில இருக்கிறது?"

"இந்தா, இதில. வேற ஒருத்தரையும் விடமாட்டன்."

அந்தப் பிள்ளை வரவேயில்லை. ஆறு வருடம் காத்திருந்தபின் அண்ணைக்கு நிரந்தர விசா மறுக்கப்பட்டது. அரசாங்கம் பிடித்து அனுப்புமுன் தானே போகிறேன் என்று அண்ணை ஊருக்குத் திரும்பினார். விமான நிலையத்தில் நான் அழுதேன். அவர் அதட்டினார்: "என்ன, செத்தவீடே? கட்டினதெல்லோ! மிதந்ததெல்லோ!"

இவ்வளவையும் மகளுக்குச் சொல்லி, "நடக்காத கனவு எண்டு எழுது பிள்ளை. ஆனா அதாலதான் தனிச்சுப்போச்சினம் எண்டு எழுதாத. அந்தக் கனவு வந்த பிறகுதான் நாங்கள் ஆளையாள் பார்த்தனாங்கள்" என்றேன்.

"ரீச்சர் மார்க்ஸ் தரமாட்டா."

"தராட்டிப் போகட்டும்."

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மெத்தைத் தொழிற்சாலையும் இல்லை. வள்ளத்தை ஆற்றங்கரையில் ஒரு கிழவருக்குக் கொடுத்தோம். அவரையும் பிறகு காணவில்லை. கூட இருந்தவர்களில் இருவர் மெல்பேர்னில், மற்ற இருவரின் இலக்கங்கள் மாறிவிட்டன. இப்போது எனக்குச் சொந்த வீடு, நாலு அறை, நாலு மூடிய கதவு. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைக்கும் குசினி மட்டும் அதில் இல்லை.