மலைக்கு எல்லா வழியும் தெரிய வேண்டும்

ஜவ்வாது மலையிலுள்ள இணைய சேவை மையங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதும், அது படுத்துக்கொண்டால் எழுப்பி விடுவதும் என் ஒப்பந்த வேலை. மலையிலிருந்து வெளியே போக ஒரே லைன்தான், திருப்பத்தூருக்கு இறங்கும். இப்படி ஒற்றை வாசல் உள்ள இடத்தை எங்கள் தொழிலில் ஸ்டப் ஏரியா என்போம். அங்கிருக்கும் ரவுட்டர் என்ற வழிகாட்டிப் பெட்டி ஊர் உலகத்து முகவரியெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. ‘தெரியாததையெல்லாம் கீழே அனுப்பு’ என்ற ஒரே கட்டளை போதும். அதுதான் டிஃபால்ட் ரூட்.

இதைச் சொன்னதும் திருப்பத்தூரிலிருந்த எங்கள் அதிகாரிக்கு சமூகநீதி பொங்கிவிட்டது.

“மலைக்காரங்கன்னா அவ்ளோ எளக்காரமாம்மா? டவுன் ஆபீஸுக்குத் தெரியற வழியெல்லாம் அவங்களுக்கும் தெரியணும்.”

தெரிய வைத்தோம். கீழேயுள்ள அத்தனை வழிகளையும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் கொட்டினோம். அவர் ரிப்பன் வெட்டினார். அதன் பிறகு சமவெளியில் எங்கே கேபிள் அறுந்தாலும் மலைப் பெட்டி எல்லாக் கணக்கையும் மறுபடி போடும். போட்டுக்கொண்டே மயங்கி விழும். குருவி தலையில் பனங்காய் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். நான் மேலே மையத்தில் இருந்தேன். சாமை அறுவடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும். கீழே படவேட்டில் திருவிழாப் பந்தலுக்குக் குழி தோண்டியவர்கள் கேபிளைக் கொத்தியிருந்தார்கள். அங்கே லைன் வருவதும் போவதுமாக இருக்க, இங்கே எங்கள் பெட்டி திணறியது.

“இன்னா மேடம், சுத்திகினே கீது?” என்றார் அந்த அம்மா.

அதிகாரிக்குப் போன் போட்டேன். மலையை ஸ்டப் ஏரியாவாக மாற்றினால் பாரம் இறங்கும்; ஆனால் மேலே மட்டும் மாற்றினால் ஆகாது. கீழ் முனையும் அதையே சொல்ல வேண்டும். இல்லையென்றால் முறைத்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் பேச்சை நிறுத்திக்கொள்ளும். கீழ் முனை அவர் கையில் இருந்தது.

“எல்லா வழியும் குடுத்துட்டோம்னு போர்டே வெச்சாச்சும்மா. மேலிடத்துல கேட்டா நான் இன்னா சொல்றது?”

“போர்டு இருக்கட்டும் சார். இன்னிக்கு விட்டா இந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் போய்டும்.”

“யோசிச்சிட்டுக் கூப்புடறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் நிதானமாக யோசித்தார். நடுவில் டீயும் குடித்திருப்பார். கடைசியில் கூப்பிட்டு, மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ரிப்போர்ட்டில் வரக் கூடாது, போர்டில் கை வைக்கக் கூடாது என்றார்.

இரண்டு பக்கமும் மாற்றினோம். பாரம் இறங்கியதும் விண்ணப்பப் பக்கம் பளிச்சென்று திறந்தது.

“தொறந்துட்ச்சி! நீ நல்லாருக்கணும் கண்ணு” என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றுவது நின்றதைத்தான் அவர் பார்த்தார். திரையில் இருந்ததை மகள் படித்தாள். படித்துவிட்டு, சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள்.

என் போன் அடித்தது. அதிகாரிதான்.

“இன்னாம்மா, இப்ப வேகமா இருக்கா?”

“ரொம்ப வேகம் சார். நேரம் முடிஞ்சிட்ச்சின்னு ஒடனே சொல்லிட்ச்சி.”