கைப்பிடி அதிரும் வரைக்கும்

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவருக்குக் 'கொசு' என்று பெயர். கொசுவாவது கொஞ்சம் சுருக்கென்று கடிக்கும், இவர் ஊசி குத்துவது அதுகூடத் தெரியாது என்பார்கள். பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவார். இருபத்தாறு வருடமாக அந்தப் பட்டப்பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஐம்பத்திரண்டு வயதில் வலது கட்டைவிரல் தன்னிஷ்டத்துக்கு ஆடத் தொடங்கியது. தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டார். டீயை விட்டுப் பார்த்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த நாட்களில்தான் நண்பர் ஒருவரின் க்ரூஸர் பைக்கைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். முந்நூறு கிலோ இரும்பு. தாழ்ந்த சீட், அகலமான ஹேண்டில்பார், காலை முன்னால் நீட்டி உட்காரும் தோரணை. இன்ஜின் உறுமியதும் கைப்பிடி அதிர்ந்தது, கண்ணாடி அதிர்ந்தது, விலா எலும்பு அதிர்ந்தது. அத்தனை அதிர்வில் அவருடைய கட்டைவிரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. இறங்க மனமில்லாமல் மூன்று சுற்று சுற்றினார். அந்த மாதமே அதே மாதிரி ஒன்றை வாங்கிவிட்டார்.

"யானை மேல கொசு போகுது பாரு" என்று சிரித்தார்கள்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த வயசுல இது என்னங்க கூத்து?" ஆனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பின்னால் உட்கார்ந்து போனதும், ஹெல்மெட்டோடு வாசலில் முதல் ஆளாக நின்றது அவள்தான்.

வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் ஓட்டினார். பிறகு அது இரண்டு மணி நேரமானது. ஓடும்வரை நிம்மதி. சாவியைத் திருப்பி அணைத்ததும் விரல்கள் வட்டியோடு ஆடின. ஒரு காலையில் கைக்குழந்தை ஒன்றுக்கு மூன்று முறை நரம்பு தவறியது.

"பிள்ளைய என்ன சார் பண்றீங்க?" என்று தாய் கத்தினாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போய், டேங்க் காலியாகும்வரை ஓட்டினார். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரவும் தெம்பில்லை. வண்டிமேலேயே உட்கார்ந்து அழுதார்.

அடுத்த ஞாயிறு, சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக் பிடித்தார். கீழே ஊன்ற வேண்டிய இடது கால் மிதியைவிட்டு இறங்கவில்லை. ஒட்டவைத்தது போல அங்கேயே இருந்தது. வண்டி மெல்லச் சாய்ந்து, பின்னால் இருந்த மனைவியின் கணுக்கால்மேல் விழுந்தது. தூக்க முயன்றார், அசையவில்லை. "யாராவது வாங்களேன்!" என்ற குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

அவளுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். அவர் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரி. ட்யூட்டியில் இருந்த பெண் ஊசியோடு வந்ததும் மனைவி கையை இழுத்துக்கொண்டாள்.

"வேற யாரும் வேணாம்மா. அவரே எடுக்கட்டும்."

அவர் ரப்பர் பட்டையைக் கட்டினார். ஊசியைக் கையில் எடுத்தார். அதன் முனை அவளுடைய தோலுக்குமேல் வட்டமிட்டது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டு கையும் சேர்ந்து நடுங்கின.

அவள் ஊசியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள். "எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வண்டியில இருக்கும்போது தெரியலடி. அதுல மட்டும்தான் நான் பழைய ஆளா இருந்தேன்."

அந்தப் பெண் அவர் கையிலிருந்து ஊசியை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

அவரைப் பரிசோதித்த மருத்துவர் நடுக்குவாதம் என்றும், இனி வண்டி ஓட்டவே கூடாது என்றும் சொன்னார். பரிசோதனைக்கூடத்தில் அவரை ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். மனைவியின் தம்பி வண்டியை வாங்க ஆள் பார்த்து, பெயர் மாற்ற அவரை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அழைத்துப்போனான். அவர் போட்ட கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போலச் சுருங்கி வந்தது.

"பழைய கையெழுத்து மாதிரி இல்லையே சார். மறுபடி போடுங்க" என்றார் எழுத்தர்.

மறுபடி போட்டார். இன்னும் சிறிதாக வந்தது.

"பொறுமையா போடுங்க மாமா" என்று மச்சினன் தாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். எழுத்தர் புதிய படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.