வெறுப்புக்கு நான் போட்ட பட்டியல்

தி. நகரில் ஒரு பட்டுக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஒரு வெளிநாட்டுச் செய்தித்தாளின் இணையதளத்தில் வாசகர்கள் எழுதும் கருத்துகளில் எது இருக்கலாம், எது போகலாம் என்று பார்ப்பது எங்கள் வேலை. தீபாவளிக்கு முந்தைய வாரம், கீழே ஒலிபெருக்கி குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க, யூத வெறுப்பு என்றால் என்ன என்பதை நான் இருபத்திரண்டு வரிசைகளில் முடித்துவிட்டேன்.

அந்த நாட்டில் அதற்கு ஒரு வரையறையைச் சட்டத்தில் சேர்த்திருந்தார்கள். வரையறை சில வரிகள், எடுத்துக்காட்டுகள் இரண்டு பக்கம். பயந்துபோன பத்திரிகை எங்களிடம் ஆம்-இல்லை பட்டியல் கேட்டது. எனக்குப் பட்டியல் என்றால் உயிர். வரையறைக்குக் கீழே, சூழலையும் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதை ஆம்-இல்லை ஆக்க முடியவில்லை. சோதிக்க முடியாததைப் பட்டியலில் வைக்கக்கூடாது என்று படித்தவள் நான். விட்டுவிட்டேன்.

பட்டியலை வைத்துக் கணினி தானாகவே கருத்துகளை நீக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் மதியம் ஒரு மேல்முறையீடு வந்தது. ஓய்வுபெற்ற ஒருவர் எழுதியிருந்தார். மூன்று கருத்துகள் நீக்கப்பட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். அவருடையது அன்று ஐந்து மணிக்கு மூடப்பட இருந்தது.

"ஒன்று: நீங்கள் நீக்கிய வசை என்னுடையதல்ல, என் வீட்டுக் கதவில் யாரோ எழுதியது. அதை ஊருக்குச் சொன்னேன். இரண்டு: நான் யூதன். மூன்று: மற்ற இரண்டு கருத்துகளிலும் நான் கண்டித்தது ஓர் அரசை. அங்கே என் மைத்துனன் அதிகாரி. அவனை நாற்பது வருடமாகக் கண்டித்து வருகிறேன். நான்கு: வங்கிகளை ஆள்வது யாரென்று நமக்குத் தெரியாதா என, எங்கள் இனத்தைக் குத்தி ஒருவர் பண்பாக எழுதியிருக்கிறார். அவர் கருத்து மட்டும் அப்படியே இருக்கிறது."

வெட்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. எண் போட்டுக் கோபப்படும் இன்னொரு மனிதர் உலகத்தில் இருக்கிறார்.

எந்த விதியையும் முதலில் எங்கள் அலுவலக அரட்டைக் குழுவின் பழைய செய்திகளில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பண்டிகை அவசரத்தில் இதை ஓட்டவில்லை. இப்போது 'யூதர்' இருந்த இடமெல்லாம் 'சிந்தாதிரிப்பேட்டைக்காரர்' என்று மாற்றி ஓட்டினேன். என் பக்கத்து மேசைக்காரன் அந்த ஊர். அவன் எழுதியதில் பாதி காணாமல் போனது.

"இன்னா மச்சி, என்னையே தூக்கிட்ட?"

"எங்காளுங்க எல்லாம் கூவத்துல குளிச்சவனுங்கன்னு நீதானே எழுதியிருக்க."

"என் ஏரியா, நான் சொல்வேன். நீ மயிலாப்பூர்ல குந்திக்கினு சொன்னா அது வேற."

பிறகு திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான். "இது பாஸாயிடுச்சு பாரு. ரொம்ப டீசன்ட்டா கீது."

அது நான் எழுதியது. 'அந்தப் பக்கத்து ஆட்கள் நேரத்துக்கு வரமாட்டார்கள், தெரிந்ததுதானே.'

காது சுட்டது. அழிக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம், டெஸ்ட் கேஸா இருக்கட்டும்" என்றான். எங்கள் தலைவி, அவரும் மயிலாப்பூர், காபி டம்ளரை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"தப்பா எடுத்தா பத்திரிகைக்கு ஒண்ணும் ஆகாது. தப்பா விட்டா கேஸு. அதனாலதான் எல்லாத்தையும் எடுக்கச் சொல்றா. நீ என்ன பண்ணப் போறே?"

"இருபத்துமூணாவது வரிசை, அக்கா. யார், யாரைப் பத்தி, எதுக்காகச் சொல்றாங்க. பட்டியல்ல மாட்டுற எதையும் ஓர் ஆள் படிச்சுட்டுத்தான் நீக்கணும். யாராவது புகார் பண்ணினா மாட்டாததையும் படிக்கணும்."

"யார் படிப்பா?"

"நான்."

"தீபாவளி அன்னிக்கும்?"

"அன்னிக்கும்."

அவர் பத்திரிகைக்குப் போன் போட்டார். நான் திரையின் மூலையில் நிமிடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாற்பதுக்கு, ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். நாலு நாற்பத்தெட்டுக்கு ஓய்வுபெற்றவரின் கணக்கு மூடப்படுவதை நிறுத்திவிட்டேன். பண்பாக எழுதியவரின் வங்கிக் கருத்தை இரண்டு முறை படித்து நானே நீக்கினேன். தலைக்குள் சோடா பொங்குவது போல இருந்தது. மதியம் சாப்பிடாததும் காரணமாக இருக்கலாம்.

ஐந்தேகாலுக்கு ஓய்வுபெற்றவரின் புதிய கருத்து வந்தது, வசைச் சொற்களால் பட்டியலில் மாட்டி. இந்தப் பத்திரிகையின் கருத்துகளைச் சரிபார்க்கும் முட்டாள்களைப் பற்றி, பதினோரு குறிப்புகள்.

யார்: அவர். யாரைப் பற்றி: என்னைப் பற்றி. எதற்காக: நியாயமான காரணத்துக்காக. 'இருக்கலாம்' என்று அழுத்தினேன்.

பக்கத்து மேசைக்காரன் என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்தான்.

"மத்தியானம் தூங்கறாங்கன்னு ஏழாவதுல போட்டுகீறாரே," என்றான், "அது மட்டும் எப்டி மச்சி கரெக்டா கண்டுபுடிச்சாரு?"