பங்களாப் பிள்ளைக்கு ஒரு பிடிச் சோறு

தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குத் துரையின் பங்களாவிலிருந்து வந்த ஒரே விருந்தாளி ஒரு கினிப் பன்றி. மலாயாவில் அவசரகாலம் தொடங்கித் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டதும், துரை தன் மனைவி மக்களைச் சீமைக்குக் கப்பலேற்றிவிட்டார். அந்த வாரம், பங்களாவில் ஆயாவாக இருந்த என் அம்மா ஒரு மரப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"பிள்ளைங்க அழுதுச்சுங்க. நான் பாத்துக்கிறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. ஆகவே மூன்றாவதாக ஓர் உயிர் வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நான் வாசற்படி ஏறினாலே பெட்டிக்குள்ளிருந்து குய்க் குய்க் என்று கத்தும். என்னை அப்படி வரவேற்றவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் அதிகமில்லை.

கினிப் பன்றி என்று பெயர் சொன்னவர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. லயத்து வாயில் அது பன்னிக்குட்டி ஆயிற்று. தோட்டத்துக்குள் மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா அந்தப் பெயரைக் கேட்டதுமே, "அத என் தராசுப் பக்கம் கொண்டு வந்துறாத தாயீ" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் அதன் எடையை அம்மா கையாலேயே நிறுத்துவந்தாள். வந்த புதிதில் ஒன்றரைக் காத்தி, ஏறக்குறைய ஒரு கிலோ, என்றாள்.

இரண்டு மாதத்தில் ஒரு காத்திகூடத் தேறாது என்றாள். அதை ஏந்திக் கையை உயர்த்தியபோது அவளுடைய வளையல்கள் முழங்கை வரை இறங்கின. நான் பன்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தடவினால் முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது.

என்ன குறை வைத்தோம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கூப்பன் அரிசி ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து போட்ட காலம் அது. அதிலும் அம்மா வேளைக்கு ஒரு பிடிச் சோற்றைக் குழையப் பிசைந்து அதற்கென்று எடுத்துவைப்பாள். ரொட்டி கிடைத்தால் பாலில் ஊறவைத்துக் கொடுப்பாள். பக்கத்து வீட்டு அக்கா, "புல்லு போட்டுப் பாரேன்" என்று சொன்னதற்கு அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"பங்களாவுல வளந்த பிள்ள. புல்லையா போடுறது? நாளைக்கு அந்தப் பிள்ளைங்க கேட்டா நான் என்னா சொல்லுவேன்?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. துரை வீட்டுப் புல்வெளியில் அது நாள் முழுக்க மேய்ந்ததை அம்மாவே பார்த்திருக்கிறாள். அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாளாம்!

ஒரு வாரம் சோற்றை முகர்ந்து பார்ப்பதோடு சரி. கத்துவதும் நின்றுபோனது. நான் வந்தாலும் மூலையிலேயே கிடந்தது. செத்துப்போய்விடும் என்று நினைத்து நான் அழ, ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அதைக் கூடையில் வைத்து மேலே துணியைப் போட்டாள். பெரிய ஆஸ்பத்திரி செமிலிங் போகும் ரோட்டில், பக்கத்துத் தோட்டத்தில் இருந்தது. அங்கே மருந்து கொடுக்கும் டிரசரிடம் காட்டலாம் என்று கிளம்பினோம்.

கேட்டில் மாட்டிக்கொண்டோம். சாப்பிடும் பொருள் எதுவும் கம்பிக்கு வெளியே போகக்கூடாது, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்பது சட்டம். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள்கூட வெறும் வயிற்றோடுதான் போவார்கள். காவலுக்கு நின்ற மலாய்க்காரர் கூடையைக் காட்டி, "அப்பா இத்து?" என்று கேட்டார். என்ன அது என்கிறார். எனக்குத்தான் மலாய் தெரியுமே என்று நான் முந்திக்கொண்டேன்.

"பாபி. பாபி கெச்சில்!"

சின்னப் பன்றி! மனிதர் இரண்டடி பின்னால் போய், போகக்கூடாது என்று கையை ஆட்டினார். உயிரோடிருந்தாலும் பன்றி கறிதானே. அம்மா பதறிப்போய், சாப்பிட மாட்டேன் என்கிறது என்பதை, "மக்கான் தா மாவ், துவான்! மக்கான் தா மாவ்!" என்று கெஞ்சினாள். பன்றி, அதோடு மக்கான், அதாவது சாப்பாடு. அவருக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது. திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்.

நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவருக்கு என்ன தோன்றியதோ, ஒரு குச்சியை எடுத்துத் துணியை மெல்ல விலக்கினார். உள்ளே பழுப்பு மூக்கும் இரண்டு நீளப் பல்லும் தெரிந்தன. சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"புக்கான் பாபி லா, அடெக்! இத்து திக்குஸ் பெலண்டா!"

பன்றி இல்லையம்மா, இது ஒல்லாந்து எலி. மலாய்க்காரர்கள் அதை அப்படித்தான் சொல்வார்களாம். எலியைத் தடுக்கச் சட்டமில்லை. கேட்டைத் திறந்துவிட்டார்.

டிரசர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். "குழஞ்ச சோறா போட்டீங்க?" என்று கேட்டார். "இதுக்குப் பல்லு வளந்துகிட்டே இருக்கும்மா. புல்லக் கடிச்சாத்தான் தேயும். இப்ப வாய மூடவே முடியல, எப்படித் திங்கும்?" சின்னக் கத்தரியால் பல் நுனியை நறுக்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவரச் சொன்னார்.

வரும் வழியெல்லாம் ரோட்டோரத்தில் புல் பறித்துக் கூடையை நிரப்பினோம். மறுநாளிலிருந்து காவல்காரரே வெளியில் பறித்த ஒரு கைப்பிடிப் புல்லை எனக்கென்று கேட்டில் வைத்திருப்பார். பன்னிக்குட்டி அல்ல எலி என்று நானாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "எலியா? அப்ப கடைக்குள்ளயே வராத!" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று மத்தியானம், அம்மா பழக்கதோஷத்தில் தன் தட்டிலிருந்து ஒரு பிடிச் சோற்றை எடுத்துப் பிசைந்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். உள்ளே அது நறுக் நறுக்கென்று புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிடியை என் தட்டில் வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதமாக அந்தச் சோறு பானையிலிருந்து போகவில்லை. வேளைக்கு ஒரு பிடி, அவள் தட்டிலிருந்து போயிருக்கிறது. வளையல்கள் முழங்கையில் கிடந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. சோற்றை எடுத்து அவள் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

"நீயும்தான் எளைச்சுப் போயிட்ட" என்றேன்.

"எனக்கென்ன, பல்லா வளந்துருக்கு?" என்று சொல்லிவிட்டு, அம்மா அந்தப் பிடியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.